டாக்டர் சொல்லாத ஒரு வரி

காக்ஸ் டவுன், பெங்களூர்
12 செப்டம்பர் 1999

இல்லை அக்கா, இது தூக்கக் கலக்கம் இல்லை. தூக்கமாக இருந்தால் தூங்கிவிடலாமே. இது வேறு. தூங்கி எழுந்த பிறகுதான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டபோது அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். அதனால் நன்றாக இருக்கிறேன் என்றேன். பதிலை இதில் எழுதுகிறேன்.

அப்பா நலம். அம்மா நலம், ஆட்டுக்கால் சூப் வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் நலமா என்பதில் இந்த வீட்டில் இரண்டு கருத்து.

ஜூலையில் காய்ச்சல். ஒன்பது நாள். வைரல் என்றார் டாக்டர். பத்தாம் நாள் போனது. அதோடு என் நோயும் போய்விட்டதாக வீடு முடிவு செய்தது. இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். இரண்டு முறையும் எல்லாம் சரி. டாக்டர் அந்தத் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார், நான் பாஸாகிவிட்ட பரீட்சைத் தாளைப் போல.

ஆனால் பல் தேய்த்து முடித்ததும் உட்கார வேண்டியிருக்கிறது. தலை வாரும்போது பாதியில் கை தானாக இறங்குகிறது. வலி இல்லை. கை இருக்கிறது, கையைத் தூக்குகிறவள் இல்லை.

எட்டாம் தேதி சிவாஜிநகர் மாதா திருநாளுக்குப் போனோம். நான் எழுந்துவிட்டால் எனக்குக் காவிப் புடவை கட்டி, பூசை முழுக்க என்னை நின்றே காணவைப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். என் காலை வைத்து அம்மா கொடுத்த வாக்கு. நற்செய்தி வாசிக்கும்போது எல்லோரும் எழுந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன். முன்னால் முழுக்கக் குதிகால்கள். அம்மா குனிந்து, "எழுந்துருடி, மாதா பாக்குது" என்றாள். பார்க்கட்டும் என்றேன்.

வேலைக்குத் திரும்பி ஐந்து வாரம். அடுகோடியில் ஆபீஸ், மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை, கீழே லேத் பட்டறை. ஐம்பத்து நான்கு படி. நீ சேர்த்துவிட்ட கோர்ஸில் கிடைத்த வேலை என்பதால் சொல்கிறேன்: பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்கிறார்கள். நாங்கள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு டைப் செய்கிறோம். கேட்டதை மட்டும். கேட்காத இடத்தில் ஒரு கோடு விடவேண்டும். ஒரு நாளைக்கு ஐநூறு வரி வந்தால் பிப்ரவரியில் நிரந்தரம். காய்ச்சலுக்கு முன் ஐநூற்று நாற்பது அடித்தேன். இப்போது முந்நூற்றுப் பத்து.

நிரந்தரம் ஆகாவிட்டால் வீட்டில் இருப்பேன். வீட்டில் இருந்தால் நான் சோம்பேறி என்பது உறுதியாகிவிடும்.

அங்கே வெயில் குறைந்ததா? உன் வார்டு எப்படி?

டீனா

~

மஸ்கட்
26.9.99

இயேசுவுக்குப் புகழ். மரியே வாழ்க.

அன்புத் தங்கை டீனாவுக்கு அக்கா பெர்னதெத் எழுதுவது. நான் இங்கு நலம். அப்பா, அம்மா, நீ மூவரும் நலமாயிருக்கத் தினமும் செபமாலையில் நினைக்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நான் நர்ஸ் ஆகிப் பதினொரு வருடம். காய்ச்சலுக்குப் பிறகு இப்படிச் சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரத்தம் சரி என்றால் சரிதான். கிடக்கக் கிடக்க உடம்பு படுக்கையைத்தான் கேட்கும். காலையில் அரை மணி நட. பி காம்ப்ளெக்ஸ் போடு. முருங்கைக்கீரை சாப்பிடு. மத்தியானம் படுக்காதே. மனத்தில் உற்சாகம் வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த மருந்தும் கேட்காது.

கோயிலில் அம்மாவிடம் அப்படிப் பேசியது தவறு. அம்மா எனக்காகவும் நேர்ந்து நேர்ந்துதான் முட்டி தேய்ந்தவள்.

வெயில் குறையவில்லை. வார்டில் எல்லாம் வழக்கம்போல.

அப்பாவின் சர்க்கரையைப் பார்க்கச் சொல். அனைவருக்கும் என் அன்பு.

பெர்னதெத்

~

காக்ஸ் டவுன்
17 அக்டோபர் 1999

அக்காவுக்கு,

நடந்தேன். ஒன்பது நாள். ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க் வரை போய், ஒரு சுற்று, திரும்பி. நீ சொன்னபடி உற்சாகத்தோடு. ஒரு நாய்க்கு குட்மார்னிங்கூடச் சொன்னேன்.

பத்தாம் நாள் எழமுடியவில்லை. சோம்பலில் இல்லை. எழு என்று சொன்னேன், உடம்பு கேட்டுக்கொண்டு கிடந்தது. மூன்று நாள். கழிவறைக்குச் சுவரைப் பிடித்துப் போனேன். நீ நல்லதுக்குத்தான் சொன்னாய், ஆனால் உன் மருந்து என்னை அடித்துப் போட்டது. இதை எழுதாமல் விட்டால் அடுத்த முறை முக்கால் மணி நட என்பாய்.

அந்த மூன்று நாளில் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள்: "தூங்கிக்கினே சம்பளம் குடுக்கிற கம்பெனி இருந்தா சொல்லு, நானும் வரேன்." அப்பா பேப்பரை உயர்த்திக்கொண்டார். பேப்பருக்குப் பின்னால் சிரித்தாரா தெரியாது.

லீவ் கடிதத்தில் காரணம் 'களைப்பு' என்று எழுதினேன். எங்கள் சூப்பர்வைசர் ஹரிஷ்குமார் அதை நீட்டி, "இதுக்கெல்லாம் லீவுன்னா நான் வருஷம் பூரா லீவுல இருக்கணும்" என்றார். கெட்டவர் இல்லை. உண்மையிலேயே நகைச்சுவை என்று நினைத்தார். வேறு காரணம் எழுதச் சொன்னார். வயிற்றுப்போக்கு என்று எழுதினேன். உடனே கையெழுத்து. வயிற்றுப்போக்கை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நம்பிய ஆள் ஒருவர் உண்டு. சிவாஜிநகர் பஸ்ஸில் கண்டக்டர். கம்பியில் நெற்றியை வைத்து நின்றிருந்தேன். "சுஸ்தா?" என்றார். இங்கே கன்னடத்தில் அசதிக்கு அதுதான் வார்த்தை. ஆமாம் என்றேன். தன் சீட்டைக் காட்டினார். அவ்வளவுதான். ரிப்போர்ட் கேட்கவில்லை.

வரி இருநூற்று எண்பது.

நீ நலமா? வார்டைப் பற்றி ஒரு வரிதான் எழுதினாய். முன்பு நாலு பக்கம் எழுதுவாய்.

டீனா

~

மஸ்கட்
4.11.99

இயேசுவுக்குப் புகழ். மரியே வாழ்க.

அன்பு டீனாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். நடையை நிறுத்து.

உட்கார்ந்து குளி. பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். தலை வாரும்போது முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள், கையைத் தூக்காதே, தலையைக் குனி. படியில் மூச்சு வாங்கிய பிறகு நிற்காதே, வாங்குமுன் நில். பத்துப் படிக்கு ஒரு முறை. யாராவது வந்தால் பையில் எதையோ தேடுவதுபோல் நில். டைப் அடிக்கும்போது ஒரு மணிக்கு ஒரு தடவை கண்ணை மூடி ஐந்து நிமிடம். முடியும் என்று தோன்றினாலும் மூடு.

முக்கியமாக, நல்ல நாள் ஒன்று வரும். உடம்பு லேசாக இருக்கும். எல்லாம் போய்விட்டது என்று நினைத்து வீட்டைக் கழுவத் தோன்றும். கழுவாதே. நல்ல நாளைச் செலவழித்துவிடாதே.

இதையெல்லாம் நான் சொன்னதாக அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அன்புடன்
பெர்னதெத்

~

காக்ஸ் டவுன்
23 நவம்பர் 1999

அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம், இந்த முறை என்னையும் கொஞ்சம் சேர்த்து.

நீ சொன்ன எல்லாம் செய்தேன். முந்நூற்று அறுபது வரி. படியில் ஐந்து இடத்தில் நிற்கிறேன். பையில் எதையும் தேடுவதில்லை. சும்மா நிற்கிறேன். லேத் பட்டறைக்காரர்கள் முதலில் பார்த்தார்கள், இப்போது பார்ப்பதில்லை.

கண்ணை மூடுவதுதான் சிக்கல். பக்கத்து சீட் சிந்து வேலூர்ப் பெண், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். நான் கண்ணை மூடினால் என் காதில், "ஏய், ஹரிஷ் சார் வர்றாரு, உயிரோட இரு" என்பாள். உயிரோடு இருப்பேன்.

வீடு கழுவத் தோன்றும் நாளும் வந்தது. சரியாக நீ எழுதியபடி. துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டேன். உன் வரி நினைவு வந்து வைத்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். நடந்து பார் என்றது நர்ஸ். அந்தக் கடிதத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் முழங்கையை மேசையில் ஊன்று என்றதும், பையில் தேடுவதுபோல் நில் என்றதும் எந்த நர்ஸிங் புத்தகத்தில் இருக்கிறது? உனக்கு எப்படித் தெரியும்?

டீனா

~

காக்ஸ் டவுன்
26 டிசம்பர் 1999

அக்காவுக்கு,

பதில் வரவில்லை. கிறிஸ்துமஸ் போனில் அம்மாவிடம் கல்கல் பலகாரத்துக்கு மாவு பதம் பற்றி ஐந்து நிமிடம் பேசினாய். என்னிடம், "உடம்பப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். ஐ.எஸ்.டி. காசு, புரிகிறது.

நடுச்சாமப் பூசைக்கு நான் போகவில்லை. அம்மா காரணம் கேட்டவர்களிடம் எனக்குச் சளி என்று சொல்லியிருக்கிறாள். அதுவும் ஒரு வயிற்றுப்போக்கு.

புத்தாண்டு வாழ்த்துகள். பழைய கேள்வி அப்படியே இருக்கிறது.

டீனா

~

மஸ்கட்
8.1.2000

இயேசுவுக்குப் புகழ். மரியே வாழ்க.

அன்பு டீனாவுக்குப் புத்தாண்டு வாழ்த்துகள். வேலை அதிகம், அதனால் எழுதவில்லை. ஊருக்கு வரும் ஒருவரிடம் பேரீச்சை, அம்மாவுக்கு ஒரு சால்வை, அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்கும் மெஷின் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உனக்கு ஒரு கழுத்துத் தலையணை. சேரில் உட்கார்ந்தபடி சாய்ந்துகொள்ள.

நீ கேட்டதற்கு: நர்ஸுக்குப் பல விஷயம் தெரியும்.

அன்புடன்
பெர்னதெத்

~

காக்ஸ் டவுன்
25 ஜனவரி 2000

அக்காவுக்கு,

நல விசாரிப்பு கடைசியில். ஒரு தவறு செய்தேன்.

வியாழக்கிழமை. ஒரு டாக்டரின் பதிவு. நாற்பத்தொரு வயதுப் பெண். பெயர் சொல்லக்கூடாது, விதி. ஏழு மாதத்துக்கு முன் வைரல் காய்ச்சல். ரத்தம் சரி. தைராய்டு சரி. எக்ஸ்ரே சரி. மாடி ஏற முடியவில்லை என்கிறாள் என்றார். தலை வார முடியவில்லை என்கிறாள் என்றார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு 'என்கிறாள்'. எதையோ மென்றுகொண்டிருந்தார். கடைசியில், இவளுக்கு வேண்டியது மருந்தல்ல, ஒரு பொழுதுபோக்கு என்றார். சிரித்தார். சிரிப்பை டைப் செய்ய விதியில்லை.

எல்லாம் டைப் செய்தேன். பதிவு முடிந்தது. ஒலியை ஓட்டும் கால் பெடலிலிருந்து காலை எடுத்தேன். அடியில் ஒரு வரி சேர்த்தேன், அவர் சொன்னதுபோல, அவருடைய ஆங்கிலத்தில்: இந்த நோயாளி சொல்வதை நான் நம்புகிறேன்.

அனுப்பினேன். தண்ணீர் குடித்தேன். அடுத்த பைலை எடுத்தேன்.

மறுநாள் ஹரிஷ்குமார் பிடித்தார். அமெரிக்காவுக்குப் போகுமுன் எங்கள் பைல்களை ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர் அவர். வரியை அழித்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். அழித்தது சரி. ஒருவர் சொல்லாததை அவர் வாயில் வைக்கக்கூடாது. இது எங்களுக்கு முதல் நாள் பாடம்.

வேறு பைலிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, நான் சேர்த்தது என்றேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"நீங்க டயர்டா இருந்தீங்க டீனா. ஜூலைலேர்ந்து டயர்டா இருக்கீங்க. எனக்குத் தெரியாதா?"

அக்கா, ஆறு மாதம். ஆறு மாதம் கழித்து ஒருவர் எனக்கு எதிரில் உட்கார்ந்து இதைச் சொல்கிறார்.

ஒரு விளக்கக் கடிதமும் அவரே டைப் செய்து வைத்திருந்தார். வைரல் காய்ச்சலுக்குப் பிந்தைய களைப்பினால் கவனக்குறைவாக நேர்ந்த பிழை. கீழே என் பெயர். கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டால் ஒரு எச்சரிக்கையோடு முடிந்தது, என் பிழை விகிதம் குறைவு என்பதால் நானூறு வரிக்கே நிரந்தரம் வாங்கித் தருவார். போடாவிட்டால் வெளியே. பிப்ரவரி பதினைந்துவரை அவகாசம்.

சிந்து சொன்னாள்: "சைன் போட்டுத் தொலைடி. அந்தம்மாக்கு உன் பேருகூடத் தெரியாது."

அம்மா சொன்னாள்: "களைப்புன்னு எழுதிக் குடுக்கறதுக்கு இன்னாடி? ஊருக்கே தெரியும் நீ களைச்சுப் பூட்டேன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உட்கார்ந்துதான் சிரித்தேன்.

நீ என்ன சொல்கிறாய்? தலையணை வந்தது, நன்றி. நலமா?

டீனா

~

மஸ்கட்
4.2.2000

டீனாவுக்கு,

இது சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்று இன்றே தபாலில் போடுகிறேன்.

கையெழுத்துப் போடு. அது பொய்கூட இல்லை. நீ களைப்பாகத்தான் இருக்கிறாய். அவர் உனக்கு நல்லது செய்யப் பார்க்கிறார். இந்த வேலையில் உட்கார்ந்து செய்யலாம், நானூறு வரியே போதும் என்கிறார், இதைவிட உன் உடம்புக்குத் தோதான வேலை உனக்கு எங்கே கிடைக்கும்? வீட்டில் அம்மாவோடு நாள் முழுக்க இருந்து பார். காகிதம் காகிதம்தான். நாலு நாளில் பைலுக்குள் போய்விடும். எல்லோரும் போடுகிறார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

கடைசியாக எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

சொன்னால் கேள்.

பெர்னதெத்

~

காக்ஸ் டவுன்
16 பிப்ரவரி 2000

அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டேன். அவர் தாளில் இல்லை. என் தாளில்.

நான் எழுதியது இவ்வளவு: கடைசி வரி டாக்டர் சொன்னதல்ல. நான் சேர்த்தேன். சேர்த்திருக்கக்கூடாது. கவனக்குறைவால் சேர்க்கவில்லை. தெரிந்து சேர்த்தேன்.

ஹரிஷ்குமார் நின்றபடி படித்தார். இரண்டு முறை. இப்படி எழுதினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். தெரியும் என்றேன். அவர் தாளை மறுபடி என் பக்கம் நகர்த்தினார்.

"ஏம்மா இவ்ளோ பிடிவாதம்? உண்மைதானே எழுதியிருக்கேன்?"

நான் உட்கார்ந்துகொண்டேன். உட்கார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லும்வரை நிற்க என்னால் முடியாது.

"ஆறு மாசமா களைப்புன்னு சொன்னேன் சார். வயித்துப்போக்குன்னு எழுதச் சொன்னீங்க. அன்னிக்கு அந்த ஒரு வரி அடிக்கறப்ப மட்டும் எனக்குக் களைப்பே இல்ல. அதுக்குப் போய்க் களைப்புன்னு எழுதச் சொல்றீங்க."

அவர் முகம் சிவந்தது. கோபமா, வேறா, தெரியவில்லை. வயிற்றுப்போக்கை அவர் மறந்துவிட்டிருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு சிந்துவைக் கூப்பிட்டு என் மேசையிலிருந்து பொருள்களை எடுத்துவரச் சொன்னார், நான் எழுந்து போகாமல் இருக்கட்டும் என்று. அதுவும் ஒரு மரியாதைதான். அவரால் முடிந்தது.

நீ எழுதினாய், அது பொய்கூட இல்லை என்று. யோசித்தேன். களைப்பு உண்மை. அந்த வரியும் உண்மை. இரண்டையும் சேர்த்து ஒட்டினால்தான் பொய். இத்தனை மாதம் யாரும் வாங்காத களைப்பு. இப்போது எல்லோருக்கும் வேண்டும், ஏனென்றால் இப்போது அது உபயோகம். என் களைப்பைப் பொய்ச்சாட்சி சொல்ல அனுப்ப மாட்டேன் அக்கா. அந்த அமெரிக்கப் பெண்ணுக்கு இதனால் ஒரு லாபமும் இல்லை, அது எனக்குத் தெரியும். வரியைத்தான் அழித்தாகிவிட்டதே.

சிந்து கீழ்வரை வந்தாள். ஐந்து இடத்திலும் கூடவே நின்றாள். "லூசுடி நீ" என்றாள். நாலாவது இடத்தில் அழுதாள்.

அம்மாவுக்கு இன்னும் கோபம். இன்று சூப் வைத்திருக்கிறாள், கிண்ணத்தை வைக்கிற சத்தத்தில் தெரிகிறது. அப்பா நேற்று பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாஷ்பேசின் பக்கத்தில் போட்டார். அம்மா அதை வராந்தாவில் வைத்தாள். அப்பா திரும்பவும் கொண்டுவந்து போட்டார். இப்போது அங்கேதான் இருக்கிறது.

நான் நலமில்லை. இப்படி எழுதுவது நன்றாக இருக்கிறது.

நீ எதில் கையெழுத்துப் போட்டாய்?

டீனா

~

மஸ்கட்
30.3.2000

டீனா,

நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதைப் படிக்காமல் ஒட்டிவிடப் போகிறேன்.

தொண்ணூற்றேழு நவம்பரில் எனக்குக் காய்ச்சல் வந்தது. உன்னுடையது மாதிரிதான். ஊருக்குச் சொல்லவில்லை. பதினாலாம் நாள் வேலைக்குப் போனேன். ஒரு படிவம் நீட்டினார்கள், முழு உடல்தகுதியுடன் பணிக்குத் திரும்புகிறேன் என்று. போட்டேன். போடாவிட்டால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். அதன் பிறகு எனக்கு முடியவில்லை என்று சொன்னபோதெல்லாம் அந்தப் படிவத்தை எடுத்துக் காட்டினார்கள். என் கையெழுத்து. என்னைவிட அதைத்தான் நம்பினார்கள். ஒரு நாள் மருந்து அறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன், எழமுடியவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இரண்டு வருடமாக நான் துணி அறையில் இருக்கிறேன். பஞ்சு, காயம் கட்டும் காஸ் துணி, ஆபரேஷன் துணி, மடித்துப் பொட்டலம் கட்டுவது. அம்மாவிடம் இன்சார்ஜ் ஆகிவிட்டேன் என்றேன். அறைக்கு இன்சார்ஜ்தான். அறையில் நான் மட்டும்.

நடந்து பார் என்று உனக்கு எழுதினேனே, அது எனக்குச் சொன்னது. அவர்கள் எனக்குச் சொன்னதை அப்படியே உனக்கு எழுதினேன். நானும் நடந்தேன், டீனா. எனக்கு ஆறு நாள்தான் முடிந்தது.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் எனக்குக் கோபம். இப்போதும் இருக்கிறது. நீ போடவில்லை.

அம்மாவிடம் நீ சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். என்னால் முடியாது.

பெர்னி

~

காக்ஸ் டவுன்
18 ஏப்ரல் 2000

அக்காவுக்கு,

நான் சொல்ல மாட்டேன். அது உன் வாயால் வரவேண்டியது. இன்னொருவர் வாயில் வார்த்தை வைத்ததற்கு எனக்கு ஏற்கெனவே வேலை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது சொல். அம்மா முதலில் கத்துவாள். பிறகு மஸ்கட்டுக்கு ஆட்டுக்கால் அனுப்ப முடியுமா என்று கேட்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், நாற்காலி போட்டு.

கோபம் இருக்கட்டும். எனக்கும் உன்மேல் இருக்கிறது. இரண்டு வருடம் தனியாக மடித்திருக்கிறாய். எனக்கு எழுதியிருந்தால் அந்த ஒன்பது நாள் நடந்திருக்க மாட்டேன்.

நேற்று ரெசிடென்சி ரோட்டில் ஒரு இன்டர்வியூவுக்குப் போனேன். இதே டைப் வேலை, வேறு கம்பெனி. விண்ணப்பத்தில் முந்தைய வேலையை விட்ட காரணம் கேட்டிருந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதினேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்ற இடத்தில் நாலு என்று எழுதினேன், நடுவில் அரை மணி படுக்க இடம் வேண்டும் என்பதையும்.

மேனேஜர் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். பேனாவால் அந்த நாலைத் தட்டினார்.

"எட்டு மணி நேரத்துக்கே ஆளுங்க க்யூல நிக்கிறாங்க. நாலு ஏன்?"

"அதுக்கு மேல முடியாது மேடம். காய்ச்சல் வந்துது. காய்ச்சல் போச்சு, களைப்பு போகல."

"டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

"இருக்கு. எல்லாம் நார்மல்னு போட்டிருக்கு. வேணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று முகத்தில் தேடினேன், பிறகு தேடுவதை நிறுத்தினேன். சேர்த்த வரியைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டார். இங்கேயும் அப்படிச் செய்வாயா என்றார். மாட்டேன், அது தவறு என்றேன். டாக்டர் சிரித்தால் என்ன செய்வாய் என்றார். கோடு விடுவேன் என்றேன். ஒரு வாரத்தில் சொல்லியனுப்புவதாகச் சொன்னார். சொல்லியனுப்பாமலும் இருக்கலாம்.

வெளியே வந்தேன். காலில் தெம்பு தீர்ந்துவிட்டிருந்தது. ரிசப்ஷனில் மூன்று பேர் உட்காரும் சோபா, காலியாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பையைத் தலைக்கு வைத்து, நீட்டிப் படுத்தேன். எதிரில் இன்டர்வியூவுக்கு வந்த ஆறு பேர் பைலை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். ரிசப்ஷன் பெண் எழுந்து வந்து, இங்கே படுக்கக்கூடாது என்றாள். இருபது நிமிடம் என்றேன்.

இருபது நிமிடம் படுத்திருந்தேன். பிறகு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

டீனா